காலுக்குத் தெரிந்த ஊர்

மருத்துவர் என் வலது காலைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்தார். "கண்ணை மூடிக்குங்க சார். நான் தொடும்போதெல்லாம் 'ஆமா'ன்னு சொல்லணும்" என்றார். அவர் கையில் பேனா மாதிரி ஒரு பிடி இருந்தது. அதன் முனையில் தூண்டில் நரம்பு போல ஒற்றை நைலான் இழை. வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் இழை அது என்று பிற்பாடு சொன்னார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மின்விசிறி கிறீச்சிட்டது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். இவர் நடுவில் நிறுத்திவிட்டார் போலிருக்கிறது, ஊசியோ கீசியோ தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, "முடிஞ்சுது சார், கண்ணைத் திறங்க" என்றார். பாதத்தில் பத்து இடத்தில் தொட்டிருக்கிறார். நான் 'ஆமா' சொன்னது மூன்றே மூன்றுக்கு.

பதினெட்டு வருடச் சர்க்கரை. நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்பதை அவர் அவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை. "உணர்ச்சி கொஞ்சம் கம்மியாயிருக்கு. இனிமே வெறுங்கால்ல நடக்கவே கூடாது. ரோட்டுல மட்டும் இல்ல, வீட்டுக்குள்ளயும்" என்றார். சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே எழுதியிருந்தார்: எம்.சி.ஆர். செருப்பு, 2 ஜோடி. ஒன்று வெளியே, ஒன்று உள்ளே.

வீட்டுக்குள் செருப்பு! ஆச்சி உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அந்த மருத்துவரை என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. வாசல்படிக்கு இந்தப் பக்கம் செருப்பு வந்தால் மூதேவியே நடந்து வந்தாற்போல அவளுக்கு. திண்ணைக்குக் கீழே செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் யாருக்கோ பயணம். செருப்பைப் பார்த்தே ஜோசியம் சொல்கிற அளவுக்கு அதன் மேல் ஒரு கண் வைத்திருந்தவள், தன் காலில் ஒரு நாளும் ஒன்றை மாட்டியதில்லை. "செருப்பு போட்டுக்கிட்டு வரப்புல நடந்தா மண்ணு கோவிச்சுக்கும்ல" என்பாள். எண்பது வயது வரை நடந்தாள். குதிகாலில் பித்தவெடிப்பு, கரிசல்காட்டு வெடிப்பு போலவே இருக்கும். ராத்திரி செங்கல்லைச் சுட வைத்து, அதன்மேல் எருக்கலை இலையைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுப்பாள். அந்த வாடை இப்போதும் எனக்கு வரும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கிறது. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. பருத்தியும் கம்பும் உளுந்தும் போடுகிற மானாவாரி நிலத்துக்கு அந்தப் பக்கம் அதுதான் பேர். கரிசல் ஒரு தினுசான மண். தண்ணீரைக் குடித்தால் ஊதும். காய்ந்தால் சுருங்கி, கையை நுழைக்கும் அகலத்துக்குப் பிளக்கும். ஐப்பசியில் மழை பெய்த மறுநாள் அதில் செருப்போடு இறங்குகிறவர் வெளியூர்க்காரர் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்புக்கு அடியில் படி மண் ஒட்டி, ஆள் நாலு விரற்கடை வளர்ந்திருப்பார். ஐந்தாவது எட்டில் செருப்பு மண்ணுக்குள் தங்கிவிடும், கால் மட்டும் மேலே வரும். அவர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு குனிந்து தோண்டுவதை நாங்கள் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

வெறுங்காலிடம் கரிசல் அவ்வளவு பிடிவாதம் காட்டாது. ஆனால் நடக்கத் தெரிய வேண்டும். பெருவிரலை முதலில் ஊன்றி, மற்ற விரல்களைக் கொஞ்சம் மடக்கி, பாதத்தை நேராகத் தூக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து உருவ வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நடக்கக் கற்ற வயதிலேயே கால் தானாகக் கற்றுக்கொண்டது.

கோடையில் அதே மண் வேறு மாதிரி. வண்டித்தடத்தில் மாட்டுக் குளம்பும் சக்கரமும் அரைத்து அரைத்துப் புழுதி மாவாகக் கிடக்கும். கால் வைத்தால் புஸ்ஸென்று விரல் இடுக்கு வழியாக மேலே வரும். காலையில் அது குளிர்ந்திருக்கும், வாய்க்குள் போட்டுக்கொள்ளலாம் போல. பன்னிரண்டு மணிக்குக் கால் வைக்க முடியாது. நிழலிலிருந்து நிழலுக்கு ஓட வேண்டும். நடுவில் நிழல் இல்லையென்றால் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துக் கீழே போட்டு, அதன்மேல் நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்த ஓட்டம். மாலை ஐந்து மணிக்கு மேல் சூடு இறங்கி, வெந்நீர் ஒத்தடம் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். நாள் முழுக்கப் பருத்தி எடுத்துவிட்டு வருகிற பெண்கள் வேண்டுமென்றே வரப்பை விட்டு இறங்கி அந்தப் புழுதியில் நடப்பார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் போக ஒன்றரை மைல் நடக்க வேண்டும். விளக்குக் கிடையாது. அமாவாசை இருட்டிலும் நாங்கள் தடம் தவறியதில்லை, ஏனென்றால் வழி கண்ணில் இல்லை, காலில் இருந்தது. முதலில் தார்ச்சாலை ஓரத்துச் சரளை. பிறகு புழுதி. புழுதி முடிந்து குறுமணல் நெறுநெறுவென்று பட ஆரம்பித்தால் ஓடை வந்துவிட்டது, பாதி வழி. மணலுக்கு அப்பால் சட்டென்று ஒரு ஈரக் குளிர்ச்சி: பிள்ளையார் கோயில் கிணற்றடி. அப்புறம் சாணி மெழுகிய களத்தின் வழவழப்பு. அதற்கடுத்து எங்கள் தெருவின் கல் பாவிய நடை. வீட்டு வாசலில் காலையில் போட்ட கோலத்தின் மாவு கூட உள்ளங்காலுக்குத் தெரியும். சென்னையில் முப்பத்து நாலு வருடமாகக் குடியிருக்கும் தெருவை மின்சாரம் போனால் எனக்கு அடையாளம் தெரியாது.

முள்ளைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவனாவேன். நெருஞ்சி பரவாயில்லை; குத்தும், தட்டிவிட்டால் போய்விடும். உடைமுள் அப்படியில்லை. சோளம் அறுத்த காட்டில் தரையோடு தரையாக நிற்கும் கட்டை இன்னும் மோசம். சீமைக்கருவேலம் பெருகிய பிறகு, ரப்பர் செருப்பையும் துளைத்துக்கொண்டு ஏறுகிற முள் வந்து சேர்ந்தது. எங்கள் தாத்தா அரைஞாண் கயிற்றில் ஒரு முள்வாங்கி வைத்திருந்தார். இரும்பில் செய்த சின்னச் சாமான். ஒரு முனை ஊசி, ஒரு முனை இடுக்கி, கூடவே காது குடைய ஒரு கரண்டி. ஊரில் யாருக்கு முள் தைத்தாலும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். தாத்தா காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். ஆழமாகப் போயிருந்தால் எருக்கலைப் பால் ஒரு சொட்டு விட்டுவிட்டு, "நாளைக்கு வா, அதுவே மேல வரும்" என்பார். வந்துவிடும் பெரும்பாலும்.

வராமல் சீழ் வைத்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வெளிறிப்போய் இருந்ததற்கு என்ன காரணம் என்று அப்போது தெரியாது. கொக்கிப்புழுவின் குஞ்சு மலம் கலந்த மண்ணிலிருந்து உள்ளங்கால் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். செருப்பும் கழிப்பறையும் இருந்தால் பாதி தீர்ந்தது. இப்போது பள்ளிக்கூடத்தில் விலையில்லாக் காலணி தருகிறார்கள், குடற்புழு நாளில் அல்பெண்டசோல் மாத்திரையும் தருகிறார்கள். நல்லதுதான். என் ஏக்கத்துக்காக ஒரு பிள்ளையும் செருப்பைக் கழற்ற வேண்டாம்.

எனக்கு முதல் செருப்பு ஆறாம் வகுப்பில் வந்தது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அப்பா கோவில்பட்டியிலிருந்து வாங்கி வந்தார். வெள்ளை அடி, நீல வார், ஹவாய் செருப்பு. அதைப் போட்டு நடந்தால் தேய்ந்துவிடுமே என்ற கவலையில் வழி நெடுகக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாய்க்காலில் காலைக் கழுவி மாட்டிக்கொள்வேன். திரும்பும்போதும் அப்படித்தான்.

அதே சமயம் எங்கள் தெரு வழியாக இன்னொருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். ஊருக்கே செருப்புத் தைத்தவர். அப்பாவின் தோல் செருப்பும் அவர் தைத்ததுதான். கடித்தால் விளக்கெண்ணெய் போட்டு ஊற வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். தெருமுனையில் வேப்பமரம் வரைக்கும் டயர் செருப்பின் சத்தம் வரும். மரத்தடியில் சத்தம் நின்றுவிடும். கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவின் ஓரமாக, வெறுங்காலில் வருவார். தெரு முடிந்ததும் மறுபடி சத்தம் கேட்கும். எழுபது வயதிருக்கும். நாங்கள் பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், வா போ என்றுதான். அவர் என்னை 'சின்னய்யா' என்பார்.

அவரும் என்னைப்போலச் செருப்பு தேய்ந்துவிடாமல் காப்பாற்றுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அவரிடமே சொன்னேன், நானும் அப்படித்தான் கையில் கொண்டுபோகிறேன் என்று. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அவர் என்னைப் பார்த்தார். "ஆமா சின்னய்யா, தேஞ்சு போகும்ல" என்றார்.

திண்ணையில் இருந்த ஆச்சிக்கு அது கேட்டிருக்கிறது. அவர் போன பிறகு, "அவுககிட்ட அப்படியெல்லாம் பேசாத" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றாள். மண் கோபித்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னவள், அவருக்கு எது கோபித்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அவரை 'அவுக' என்று சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவள் வாயில் அவருக்கு அந்த மரியாதை வந்து நான் கேட்டதில்லை.

தோலைப் பதப்படுத்தியவர்கள், அறுத்தவர்கள், தைத்தவர்கள் அவர்கள். அதைப் போட்டு நடக்கத் தெரு மட்டும் அவர்களுடையதில்லை. இதெல்லாம் பழைய கதை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில் அருந்ததியர் அறுபது பேர் ஒரு தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்தத் தெருவில் அவர்கள் செருப்போடு நடந்தது அதுதான் முதல்முறை என்று செய்தி வந்தது. ஒரு தெருவில் செருப்போடு நடந்தது செய்தித்தாளில் வருகிறது. அதைப் படித்த காலை எனக்குக் காப்பி இறங்கவில்லை.

ஆகவே, 'அந்தக் காலத்தில் எல்லாரும் வெறுங்காலில்தான் நடந்தோம்' என்று யாராவது கண்ணில் ஒளியோடு தொடங்கினால் எனக்கு உள்ளே ஒன்று சுருக்கென்று குத்துகிறது. நடந்தோம்தான். ஆனால் என் செருப்பு என் கையில் இருந்தது என் இஷ்டத்தால். அவர் கையில் இருந்தது எங்கள் இஷ்டத்தால். புழுதி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சுட்டிருக்கும்.

கொடைக்கானலில் வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்கு இறங்குகிற மலைப்பாதையில் வெள்ளகவி என்று ஒரு கிராமம். ஊர் எல்லைக்குள் யாருமே செருப்புப் போடுவதில்லை; வீட்டை விடக் கோயில் அதிகம் என்று சொல்லும்படியான ஊர். மலையேற வருகிற பட்டணத்துப் பிள்ளைகளும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்து, மணல் பரப்பிவிடுவார்கள்; டாக்டரானாலும் கச்சான் விற்கிறவரானாலும் அந்த மணலில் வெறுங்கால்தான். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்திலும் அப்படியே. பொது இடத்தில் வெறுங்காலாகப் போகலாமா என்று யாராவது என்னைக் கேட்டால் என் பதில் இதுதான்: எல்லாருமாகக் கழற்றுகிற இடத்தில் தாராளமாகப் போகலாம். ஒருவரைக் கழற்றச் சொல்லி இன்னொருவர் போட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் கழற்றவே கூடாது.

இதை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டுப் போனவர் ஒருவர் உண்டு. 1862இல் சூரத்தில் நீதிமன்ற அசெசராக இருந்த பார்சிக்காரர், மானக்ஜி கவாஸ்ஜி எண்டி. செஷன்ஸ் நீதிபதியின் முன்னால் ஷூவைக் கழற்றமாட்டேன் என்று நின்றுவிட்டார். மேலோர் முன் கழற்றுவது உங்கள் நாட்டு வழக்கம்தானே என்பது வெள்ளைக்காரர்களின் கேள்வி; கோயிலிலும் வீட்டிலும் கழற்றுகிறவர்கள் கோர்ட்டில் கழற்றினால் என்ன? அதற்கு அந்தக் காலத்து இந்தியர்கள் கொடுத்த பதில் எனக்குப் பிடிக்கும்: வீட்டில் கழற்றுவது தெரு அழுக்கு உள்ளே வரக்கூடாது என்று, கோயிலில் கழற்றுவது சாமிக்காக; கோர்ட் இரண்டும் இல்லை, அது பொது இடம். எண்டியை உள்ளே விடவில்லை. அவர் பம்பாய் கவர்னருக்கு எழுதினார்.

அந்த நீதிபதி போய்விட்டார், அவர் நாற்காலி போகவில்லை. நான் வங்கியில் வேலை பார்த்தேன். கிராமத்துக் கிளைகளில் பயிர்க்கடன் கேட்டு வருகிற பெரியவர்கள் மேலாளர் அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். "போட்டுக்கிட்டே வாங்கய்யா" என்றால், "இருக்கட்டும் சார்" என்பார்கள். அறை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணினால் அன்றைக்கு எத்தனை பேர் கடன் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். டெபாசிட் போட வருகிறவர் யாரும் கழற்றி நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் கிளைக்கு முதல் கணினி வந்ததும் அதற்கென்று கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வைத்து ஓர் அறை கட்டினார்கள். 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை. தூசி ஆகாதாம். மேலாளர், ஆய்வுக்கு வந்த மண்டல அதிகாரி, டீ கொண்டுவருகிற பையன், எல்லாரும் சாக்ஸோடோ வெறுங்காலோடோ நின்றோம். பெரிய அதிகாரியின் சாக்ஸில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. என் உத்தியோக காலத்திலேயே நான் பார்த்த ஒரே சமத்துவ அறை அதுதான். கொஞ்ச காலத்தில் மேஜைக்கு மேஜை கணினி வந்து அந்த அறையை ஸ்டேஷனரி போடுகிற இடமாக்கிவிட்டார்கள்.

சென்னையில் வெறுங்காலுக்கு உடுப்பின் சிபாரிசு வேண்டும். என் மச்சினன் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் வெறுங்காலில் திரிந்தபோது அவனோடு ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போக நேர்ந்தது. கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி, பளபளக்கும் தரையில் வெறும் பாதம். காவலாளி கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி சரணம்" என்று கதவைத் திறந்தார். எங்களுக்குப் பின்னால் பலூன் விற்கிற பையன் ஒருவன், அவனும் வெறுங்கால்தான், உள்ளே எட்டிப் பார்த்தான். அதே காவலாளி, "டேய், போடா அந்தப் பக்கம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் போட்டிருந்த பூட்ஸ் காலுக்கு இரண்டு அளவு பெரியது, நடக்கும்போது டொக் டொக்கென்று தூக்கிப் போட்டு நடந்தார்.

சிபாரிசு இல்லாவிட்டால் புகழ்கூட உதவாது. ஓவியர் எம்.எஃப்.ஹுசைன், இந்திக் கவிஞர் முக்திபோத் 1964இல் இறந்த துக்கத்தில் செருப்பை விட்டவர் என்பார்கள். பிறகு உலகமெல்லாம் வெறுங்காலில் நடந்தார். 1988இல் பம்பாயில் ஒரு பெரிய கிளப் அவரை அந்தக் காலோடு உள்ளே இருக்க விடவில்லை. இங்கே வேட்டிக்காக 2014இல் சட்டமே வந்தது, ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியை வேட்டியோடு கிளப்பில் விடவில்லை என்பதற்காக. பலூன் பையனுக்கு எந்தச் சட்டம் வரும்? சிவலிங்கத்தின் மேல் கிடந்த பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளிவிட்ட கண்ணப்பரை நாயன்மாராக்கிக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. காலைக் கைலாயத்தில் பதிக்கக் கூசித் தலையால் நடந்தாள் காரைக்காலம்மை என்று அவளையும் கும்பிடுகிறோம். சாமிக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

எம்.சி.ஆர். செருப்புக்கு வருகிறேன். வாங்கப் போன கடையில்தான் அதன் விரிவு தெரிந்தது: மைக்ரோ செல்லுலர் ரப்பர். பஞ்சு மாதிரி அமுங்குகிற ரப்பர், பாதத்தின் பாரத்தை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பிவிடும். சர்க்கரை நோயாளிக்கு வருமுன் அது தொழுநோயாளிகளின் செருப்பு. வேலூரிலும் பக்கத்திலுள்ள கரிகிரியிலும் அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1914இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, அப்படியில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று கண்டு சொன்னவர்.

அவரைப் பற்றிய ஒரு சம்பவத்தை அந்தச் செருப்பு வாங்கிய வாரத்தில்தான் படித்தேன். நீண்ட ரயில் பயணம் முடிந்து லண்டனில் ஒரு விடுதியில் ராத்திரி சாக்ஸைக் கழற்றுகிறார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்க்கிறார், தெரியவில்லை. தனக்கும் நோய் வந்துவிட்டது என்று விடிய விடியத் தூங்காமல் கிடக்கிறார். காலையில் மறுபடி ஊசியை எடுத்துக் குத்துகிறார். சுரீரென்று வலிக்கிறது. ரயிலில் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னாராம்.

அன்று ராத்திரி நானும் ஊக்கு எடுத்துக் குத்திப் பார்த்தேன். மனைவி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். தாத்தா தொடையில் காலை வைத்துக்கொண்டு, முள் ஆழத்தில் அசையும்போது "ஐயோ தாத்தா" என்று கத்தியது ஞாபகம் வந்தது. அந்தக் கத்தலுக்கு இப்போது என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன். இப்போது தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன், எங்கேயாவது வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என்று. கால் சொல்ல வேண்டியதைக் கண் தேடிக்கொண்டிருக்கிறது.

போன ஆடிக்கு இருக்கன்குடி போனோம். சாத்தூருக்குக் கிழக்கே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் இருக்கிற மாரியம்மன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் ஊரிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் கிளம்பி, ராத்திரி முழுக்க நடந்து, விடியக்காலம் ஆற்று மணலில் இறங்குவோம். சாலையிலும் சரளையிலும் அடி வாங்கிய பாதத்துக்கு அந்த ஈர மணல் பட்டதும் வாய் தானாகத் திறந்து ஒரு சத்தம் வரும். அம்மன் பேரைச் சொல்கிறோம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த முறை காரில் போனோம். மருத்துவர் முன்னாலேயே எச்சரித்திருந்தார்: சாக்ஸ் போட்டுக்கொண்டு அதிகாலையில் போய்விட்டு வந்துவிட வேண்டும், வெயில் ஏறின கல்லில் நிற்கக் கூடாது, கொப்புளித்தாலும் உங்களுக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேரும்போதே பதினொன்றரை. சாலை முழுக்க நடந்து வந்தவர்கள், மஞ்சள் சேலை, வேப்பிலை, வெறும் பாதங்கள். நான் ஆற்றங்கரையில் புளியமரத்து நிழலில் என் இரண்டு ஜோடியில் வெளி ஜோடியைப் போட்டுக்கொண்டு நின்றேன். மனைவி தன் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டுவிட்டு, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து மணலில் இறங்கினாள். நாலைந்து எட்டு வைத்ததும் அவள் நடை மாறியது. குதிகாலைத் தூக்கி, விரலில் நடந்தாள்.

"சுடுதா?" என்று கரையிலிருந்து கேட்டேன்.

"நல்லாச் சுடுது" என்றாள்.